பாண் தட்டுக்கும் லொறிச் சக்கரத்துக்கும் ஒரு நன்றி மடல்

டிக்கோயா

அன்புடையீர்,

மழை பிடித்தால் மைதானம் சேறாகும், பையன்கள் மட்டையை மூலையில் சாத்திவிட்டுச் சித்திரம் கீற வந்துவிடுவார்கள். அதே மழையில் கடதாசி ஊறிப்போகும். வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் எங்கள் பக்கம் இந்த இழுபறிதான். ஏழு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரையான பையன்களின் சனிக்கிழமை வகுப்பு இந்த முறை இடைநிற்காமல் நடந்தது என்றால், அதற்குக் கை கொடுத்தவர்கள் பலர். அதில் பாதிப் பேர் தாங்கள் செய்தது சித்திரத்துக்கான உதவி என்றே நினைத்திருக்க மாட்டார்கள். ஆகவே வெறும் நன்றியோடு நிறுத்தாமல், தந்தது எதற்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுகிறோம்.

முதல் நன்றி பேக்கரி முதலாளி ஐயாவுக்கு. அவர் தந்தது எட்டுப் பழைய பாண் தட்டுகள். பொஸ்டர் வர்ணம் பூசிய கடதாசியை உடனே கொடியில் மாட்டினால் வர்ணம் வடியும், வானத்து நீலம் மலைமேல் இறங்கிவிடும். ஈரத்தோடு அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது இரண்டு படமும் போச்சு. பாண் தட்டோ ஒன்றின்மேல் ஒன்று நிற்கும், நடுவில் நாலு விரல் இடைவெளி, அடி முழுக்க ஓட்டை. மேலாலும் கீழாலும் காற்றுப் போகும். மாசி வெயிலில் ஒரு மணித்தியாலத்தில் காய்கிற படம் ஆடி மாத மூடுபனியில் மறுநாள் காலை வரை கேட்கும். அவ்வளவு நேரமும் படுத்தபடியே காய இந்தத் தட்டுகள்தான் இடம் கொடுத்தன.

அதைவிடப் பெரிய உதவி ஒன்றும் அவர் செய்தார். போறணைச் சுவருக்கு மறுபக்கத்து அறையில் எங்கள் கடதாசிப் பெட்டிக்கு இடம் விட்டார். ஈரம் குடித்த கடதாசியின் நார் உப்பும், காயும்போது ஒரே சீராகச் சுருங்காமல் அலை அலையாக நிற்கும். பென்சில் கோடு மங்கலாக விழும், அழிறப்பர் பட்டால் மேல்தோல் உரிந்து வரும். பையனோ தனக்குக் கை வரவில்லை என்று நினைத்துக்கொள்வான். அந்தச் சுவர்ச் சூட்டில் கடதாசி மொறுமொறுவென்று இருக்கிறது. மா இருக்கும் இடத்தில் எலியும் இருக்கும் என்பதால் பெட்டி தகரப் பெட்டி.

தேயிலைத் தொழிற்சாலையில் கிழிந்து ஒதுக்கிய கடதாசிச் சாக்குகளைத் தந்த உத்தியோகத்தருக்கு அடுத்த நன்றி. ஒரு சாக்கைப் பிரித்தால் பல அடுக்கு வரும். ஈயத்தாள் ஒட்டிய உள் அடுக்கு நமக்கு உதவாது. மற்றத் தவிட்டு நிற அடுக்குகளை ஈரத் துணியால் லேசாக ஒற்றி, பலகைக்கு அடியில் ஒரு இரவு பாரம் வைத்தால் மடிப்புப் போய்விடும். வெள்ளைக் கடதாசியில் நிழலை மட்டுமே கீறலாம். தவிட்டு நிறத்தில் நிழலுக்குக் கரி, வெளிச்சத்துக்கு வெள்ளைச் சோக், நடு நிறம் கடதாசியே. ஒரு சுண்டல் கோப்பையின் விளிம்பில் மின்னுகிற பொட்டை முதன்முதலாகச் சோக்கால் வைக்கிற பையனின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஈரப் படங்களை, கொழுந்து வாட்டுகிற மாடியில் காயவைக்கக் கேட்டோம், அவர் மறுத்துவிட்டார். மறுத்ததும் சரி. தேயிலை அக்கம்பக்கத்து மணத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும்.

கரிக்கு, தேயிலைச் செடி வெட்டிய கவ்வாத்து மலையிலிருந்து குச்சி பொறுக்கித் தந்த அண்ணன்மார்களே, அடுத்த முறையும் பென்சில் தடிப்பில் இளங்குச்சிதான் வேண்டும். முற்றிய குச்சிக் கரி கடினமாக வந்து கடதாசியைக் கீறும். பட்டையை உரித்து, பால்மா டின்னில் நெருக்கி அடுக்கி, இடைவெளிகளில் உலர்ந்த மணலை நிரப்பி, மூடியில் ஆணியால் ஒரே ஒரு ஓட்டை போட்டு, தணலில் ஒரு மணித்தியாலம் வைப்போம். ஓட்டையில் புகை நின்றால் கரி ஆகிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு மூடியைத் திறக்கக் கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுத் தீப்பிடித்து, உள்ளே சாம்பல்தான் மிஞ்சும். அவசரத்தில் இரண்டு டின் அப்படிப் போனது.

தச்சு மாமாவின் கணக்கைச் சொல்லாமல் விட முடியாது. எட்டுக்கு நாலு அடிப் பிளைவூட் தகடு ஒன்றில், பதினாறுக்கு இருபத்துநாலு அங்குலத்தில் பன்னிரண்டு பலகை. துண்டு மிச்சமில்லை. ஏ3 தாள் வைத்தால் சுற்றிவரக் கை ஊன்ற இடமிருக்கும். வார்னிஷை இரண்டு பக்கமும் பூசச் சொன்னவரும் அவர்தான். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரத்தைக் குடித்து உப்பும், பலகை வில்லாக வளையும்.

கொழுந்து லொறி ஓட்டும் அண்ணனுக்கு நன்றி சொல்ல ஒரு பந்தி காணாது. பையன்களுக்குப் பூச்சாடியைக் காட்டினால் பத்து நிமிடத்தில் கொட்டாவி. லொறியைக் காட்டினால் ஒரு மணித்தியாலம் அசைய மாட்டார்கள். அவர் நாலு சனிக்கிழமை லொறியைச் சமதரையில் நிறுத்தி, டயருக்குக் கல் கொடுத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் சக்கரத்தை முழு வட்டமாகக் கீறுவதுதான் இந்த வயதின் வழக்கம். சக்கரம் வட்டம் என்று தெரியும், தெரிந்ததைத்தான் கை கீறும். வண்டியோ பொம்மை மாதிரி நிற்கும். அதற்கு மருந்து அளவு எடுப்பது. கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் பெருவிரலை நகர்த்திச் சக்கரத்தின் உயரத்தை எடுக்க வேண்டும், பிறகு அதே நீட்டலில் அகலத்தை. நேர் எதிரே நின்றால் இரண்டும் ஒன்று. மூலைப்பக்கம் 45 பாகை சரிந்து நின்றால் உயரம் பத்துக்கு அகலம் ஏழுதான் வரும். முழங்கை மடங்கினால் அளவு முழுக்கப் பிழைக்கும். பாதிப் பேருக்குப் பிழைத்தது அங்கேதான். சாப்பாட்டுத் தட்டை மெதுவாகச் சரித்துக் காட்டியதும் சின்னவனுக்கும் விளங்கியது.

மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தின் மாஸ்டர், பையன்கள் பார்த்துக் கீற மன்மதனின் கிரீடத்தை ஒரு நாள் முழுக்க எங்களிடம் விட்டுப்போனார். ஓரத்துக் கண்ணாடித் துண்டு ஒன்று கழன்று விழுந்ததை மறைக்கவில்லை, ஒட்டித்தான் திருப்பிக் கொடுத்தோம்.

வர்ணம் தீட்டும் கொப்பிகளும் மெழுகு வர்ணப் பெட்டிகளும் அனுப்பியவர்களுக்கும் நன்றி, மனம் பெரிது. ஆனாலும் ஒன்று சொல்லுவோம், கோபிக்க வேண்டாம். வேறு யாரோ போட்ட கோட்டுக்குள் நிறம் நிரப்புவதில் பத்து வயதுப் பையனுக்கு வேலை இல்லை. இனி அனுப்புவதென்றால் 2பி, 4பி பென்சில்களும், சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்ற நாலே பொஸ்டர் வர்ணப் போத்தல்களும் போதும். வெள்ளை மட்டும் இரண்டு மடங்கு வேண்டும். கிட்ட இருக்கும் மலைக்குக் கலந்த பச்சையில் கொஞ்சம் வெள்ளையும் நீலமும் சேர்த்தால் அடுத்த மலை, இன்னும் சேர்த்தால் பனிக்குள் கிடக்கும் மூன்றாவது மலை. கறுப்புக் கோட்டால் மூன்று மலையையும் ஒரே மாதிரி வளைத்துக் கட்டும் பழக்கம் இப்படித்தான் விடுபடும். தேயிலைப் பச்சைக்கு மஞ்சளும் நீலமும் மட்டும் காணாது, துளி சிவப்புப் போட வேண்டும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் வாளிப் பச்சைதான் வரும்.

“ஆம்பிளைப் பிள்ளைக்குச் சித்திரம் சோறு போடுமா?” என்று கேட்டுக்கொண்டே மகனைக் கூட்டிவந்து, வகுப்பு முடியும் வரை வாசலில் குடையோடு நின்ற அப்பாமார்களுக்கும் நன்றி.

படங்கள் வரும் ஞாயிறு, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக் கொட்டகையில் தொங்கும். எல்லோரும் வாருங்கள். கரிப் படங்களைத் தொட்டுப் பார்க்க மட்டும் வேண்டாம். ஆடை எடுத்த பாலைத் தெளித்தால் கரி உதிராது என்பது உண்மைதான், ஆனால் இந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால் தெளிக்கவில்லை. விரல் பட்டால் லொறி அழிந்துபோகும்.

இப்படிக்கு,
சனிக்கிழமைச் சித்திர வகுப்பைக் கவனிப்போர்