இரண்டாம் தவணை நிறைவும் தலைக்காயம் பற்றிய வேண்டுகோளும்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் தவணை நிறைவுக்கு வருகிறது. பொங்கல் விழா சிறப்பாக நடந்தேறியது. திருக்குறள் மனனத்திலும் வாசிப்பிலும் எல்லா வகுப்புகளும் முன்னேறியிருக்கின்றன. பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள்.

எட்டாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் ஐஸ் ஹொக்கி வீரர் எரிக் லின்ட்றோஸ் பற்றியும் ஒரு பேச்சு இருந்தது. பெற்றோரும் அறிய வேண்டிய வாழ்க்கை அது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் 1973இல் பிறந்தவர். பிலடெல்பியா பிளையர்ஸ் அணித் தலைவராக 1995இல் வட அமெரிக்கத் தேசிய ஹொக்கி லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருது வென்றார். கோல்களும் கோலுக்கான உதவிகளும் சேர்ந்து 760 ஆட்டங்களில் 865 புள்ளிகள். 2000 மார்ச்சில் தலையில் அடிபட்ட பின்னும் தொடர்ந்து ஆடினார். மே 26 அன்று எதிரணி வீரர் ஸ்கொட் ஸ்டீவன்ஸின் தோள் தலையில் மோத, அடுத்த பருவம் முழுவதும் களமிறங்கவில்லை. தம்பி பிரெட் இதே காயத்தால் 20 வயதிலேயே ஆட்டத்தை விட்டார். ஓய்வுக்குப் பின் ரோவன் சட்டத்துக்காக எரிக் குரல் கொடுத்தார். அடுத்தடுத்து தலையில் அடிபட்டு 2013இல் இறந்த 17 வயது ரக்பி வீராங்கனையின் பெயரில் 2018இல் ஒன்ராறியோ இயற்றிய, விளையாட்டில் தலைக்காயப் பாதுகாப்புக்கான சட்டம் அது. விருதுகளைவிட இதையே அவருடைய பெரிய கொடை என்பேன்.

வாரநாள் ஹொக்கியில் அடிபட்ட பிள்ளைகள் சிலர், எங்களுக்குத் தெரிவிக்கப்படாமலே சனிக்கிழமை வகுப்புக்கு வந்து, இடைவேளையில் மண்டபத்தில் ஓடி விளையாடியிருக்கிறார்கள். பாடம் தவறக்கூடாது என்ற உங்கள் அக்கறை விளங்குகிறது. ஆனால் ஹெல்மெற் மண்டையோட்டைத்தான் காக்கும்; உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. மயங்கி விழாமலும் மூளை அதிர்வு ஏற்படலாம். தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுதல், மறதி, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோகூடத் தெரியவரலாம். அது ஆறுமுன் மீண்டும் அடிபட்டால் உயிருக்கே ஆபத்து.

முதல் 24 முதல் 48 மணி நேரம் வீட்டில் ஓய்வு. கைபேசியும் தொலைக்காட்சியும் மிகக் குறைவாக. இருட்டறையில் நாள்கணக்காகப் படுக்க வைக்க வேண்டாம், மெதுவாக நடக்கலாம். பிறகு சிறிது சிறிதாகப் படிப்பு. பாடசாலைக்கு முழுமையாகத் திரும்பி, மருத்துவரும் அனுமதித்த பிறகே மோதல் உள்ள ஆட்டம். திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கைகால் பலவீனம், கழுத்து வலி, இரட்டைப் பார்வை இருந்தால் உடனே 911.

அடிபட்டதை மறைத்துப் பிள்ளையை அனுப்புவதை இந்தப் பள்ளி ஏற்காது. மருத்துவரின் கடிதம் இல்லாமல் அந்தப் பிள்ளையை இடைவேளை விளையாட்டில் சேர்க்க மாட்டோம். இதில் எவருக்கும் விலக்கு இல்லை.

தவறிய பாடத்தை ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு மீண்டும் சொல்லித் தருவார்கள், மதிப்பெண் குறையாது. குளிரிலும் பனியிலும் வாரந்தோறும் பிள்ளைகளைத் தவறாமல் அழைத்துவரும் உங்களுக்கு மனமார்ந்த நன்றி. அடிபட்டிருந்தால் சனிக்கிழமைக்கு முன்பே வகுப்பாசிரியரிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்