பாத்திரத்தின் தொப்பி: ஆங்கிலப் பேச்சுத் தேர்வு நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தேர்வாளர்களே, வணக்கம்.

தேர்வு அறையில் மாணவர்கள் உளறியதை எல்லாம் உங்களில் பலர் தொகுத்துப் பகிர்கிறீர்கள். நானும் படிக்கிறேன், படித்தால் சிரிப்பு வரத்தான் செய்கிறது. “உங்கள் முழுப் பெயரைச் சொல்ல முடியுமா?” என்று கேட்டதற்கு “எஸ், ஐ கேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தவர், “வேலை பார்க்கிறீர்களா, படிக்கிறீர்களா?” என்றதற்கு “எஸ்” என்று தலையாட்டியவர், அம்மா எங்கே சமைக்கிறார் என்று சொல்லவந்து “மை மதர் இஸ் குக்கிங் இன் த சிக்கன்” என்று முடித்தவர், இதற்கெல்லாம் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சிரிக்காதீர்கள் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. என் வருத்தம் வேறு. அந்தத் தவறு உங்களுக்குத் தெரியும், உங்களோடு வேலை செய்பவர்களுக்குத் தெரியும், நீங்கள் பகிர்ந்த பிறகு ஊர் உலகத்துக்கே தெரியும், ஆனால் அதைச் சொன்ன ஆளுக்கு மட்டும் கடைசிவரை தெரியாது.

வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கப்படும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வையே எடுத்துக்கொள்வோம். 11 முதல் 14 நிமிடம் வரை ஒரு மாணவர் உங்கள் எதிரே உட்கார்ந்து பேசுகிறார், எல்லாம் ஒலிப்பதிவு ஆகிறது. சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறீர்கள். இவ்வளவும் நடந்த பிறகு அந்த மாணவர் கையில் வருவது பேச்சுக்கு ஒரே ஒரு எண்: 5.5, அல்லது 6. எதில் குறைந்தது, இலக்கணத்திலா உச்சரிப்பிலா என்பதுகூட அதில் இருக்காது. அவர் அதே தவறைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டுகிறார்.

சிரிப்பு வரவழைக்கும் தவறுகள் எல்லாம் ஒரே வகை இல்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஸ்டீபன் பிட் கோர்டர் என்ற மொழியியலாளர் 1967-லேயே இதைப் பிரித்துக் காட்டிவிட்டார். பதற்றத்தில், களைப்பில், நாக்குப் புரண்டு வருவது ஒன்று. மாணவர் தன் மனதில் கட்டி வைத்திருக்கும் மொழியே அப்படி இருப்பதால் வருவது இன்னொன்று. கிச்சன் சிக்கனாகிப்போனது முதல் வகை, சொன்ன அடுத்த நொடியே பாதிப் பேர் தாங்களே திருத்திக்கொள்வார்கள். பெயரைக் கேட்டால் “எஸ், ஐ கேன்” என்பதும் பெரும்பாலும் பயம்தான். மனப்பாடம் செய்த பதில்கள் வரிசையாக நிற்கும்போது கேள்வி கொஞ்சம் வேறு மாதிரி வந்துவிட்டால், வாய்க்குக் கிடைத்த முதல் பதில் வெளியே வந்துவிடும்.

இரண்டாவது வகைதான் முக்கியம். ஜப்பானிய மாணவர் ஒருவர் “நான் ஒரு சின்ன மேன்ஷனில் குடியிருக்கிறேன்” என்பார். ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு என்று பொருள், அவர் பொய்யும் சொல்லவில்லை, பீற்றிக்கொள்ளவும் இல்லை. “பிறந்தநாளுக்கு ஐ பிகேம் எ பைசைக்கிள்” என்று ஜெர்மன் மாணவர் சொன்னால் அவர் சைக்கிளாக மாறிவிடவில்லை, அவர் மொழியில் ‘பெகோமன்’ என்றால் கிடைப்பது, பெறுவது. ஸ்பானிஷ் மாணவர் இருமிக்கொண்டே “ஐ ஆம் கான்ஸ்டிபேட்டட்” என்றால் அவருக்கு மலச்சிக்கல் இல்லை, ஜலதோஷம். அதே ஸ்பானிஷ்காரர் கப்பலில் (ஷிப்) வந்ததை “ஐ கேம் பை ஷீப்” என்று சொல்லும்போது ஆட்டின் மேல் ஏறி வந்ததாக நினைத்துச் சிரிக்கிறோம். நமக்குக் குறில் நெடில் பாலோடு வந்தது, அவருடைய மொழியில் அந்த வேறுபாடே கிடையாது.

நம்மவர்களும் குறைந்தவர்கள் இல்லை. “மை ஃபாதர் டிரிங்க்ஸ் சிகரெட்ஸ்” என்பதைத் தமிழ் தெரியாத தேர்வாளர் கேட்டால் திகைத்துத்தான் போவார், தமிழில் சிகரெட்டைக் குடிக்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? “டோன்ட் யூ லைக் இட்?” என்று கேட்டால் “எஸ்” என்று சொல்லி நிறுத்தும் பிள்ளையைப் பாருங்கள். “பிடிக்காதா?” என்று கேட்டால் “ஆமாம், பிடிக்காது” என்பதுதானே நம் வழக்கம்? கேட்டவர் பிடிக்கும் என்று எடுத்துக்கொண்டு “ஏன் பிடிக்கும்?” என்று அடுத்த கேள்வியைப் போடுகிறார், அங்கிருந்து இருவரும் ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டே போகிறார்கள்.

இந்த வகைத் தவறை எவ்வளவு பயிற்சி செய்தாலும் மாணவரே கண்டுபிடிக்க முடியாது. அவர் காதுக்கு அது சரியாகத்தான் கேட்கும். யாராவது சொன்னால்தான் தெரியும், சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைத் தவறு என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. நான் மாணவர்களை இந்தத் தேர்வுகளுக்குத் தயார்செய்கிறேன். நன்றாகச் சமைக்கும் ஒருவரைப் பற்றிப் பேசும்படி ஒரு பயிற்சி அட்டை கொடுத்திருந்தேன், தேர்வில் போலவே ஒரு நிமிடம் யோசிக்க, இரண்டு நிமிடம் பேச. அந்தப் பெண் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். மூடி என்பதற்கு ஆங்கிலச் சொல் வரவில்லை. கை மேசை மேல் எதையோ கவிழ்த்து மூடுவதுபோல் போனது, ஒரு கணம் நின்றாள், அப்புறம் “ஷீ புட்ஸ் த ஹேட் ஆஃப் த பாட் அண்ட் வெயிட்ஸ்” என்றாள். பாத்திரத்தின் தொப்பி! வகுப்பு மொத்தமும் சிரித்தது. அவள் முகம் சிவந்து, மிச்ச நேரத்துக்கு “ஷீ இஸ் குட், ஐ லைக் ஹெர்” என்பதையே மாற்றி மாற்றிச் சொல்லி முடித்தாள். அதற்குப் பிறகு சில வாரங்கள் நன்றாகத் தெரிந்த சொல்லைத் தவிர வேறு எதையும் அவள் வாயிலிருந்து வாங்க முடியவில்லை.

தெரியாத சொல்லைத் தெரிந்த சொற்களால் சுற்றிவளைத்துச் சொல்லிவிடுவது உங்கள் மதிப்பீட்டு விளக்கத்திலேயே ஒரு திறமையாக இருக்கிறது. பேசத் தயங்காமல் நீளமாகப் பேசுவதும் அதில் இருக்கிறது. உச்சபட்சமான 9-க்குக்கூட, தாய்மொழிக்காரர்கள் பேசும்போது வரும் சறுக்கல்கள் வரலாம் என்றுதான் நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். ஆக, தொப்பி என்று சொன்னதற்காக அவளுக்குப் பெரிதாக எதுவும் குறைந்திருக்காது, பயந்துபோய் இரண்டு வரியில் சுருங்கியதற்குத்தான் குறைந்திருக்கும். இது உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் வெளியே பகிரும் நகைச்சுவைத் துணுக்குகளைப் படிக்கும் மாணவருக்கு நேர் எதிரான பாடம்தான் போய்ச் சேருகிறது: வாயைத் திறந்தால் சிரிப்பார்கள், சின்னதாகச் சொல்லித் தப்பித்துக்கொள். கேம்பிரிட்ஜ் நடத்தும் பி2 ஃபர்ஸ்ட் என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வுக்குப் போகிறவர்கள் பாடு இன்னும் சங்கடம். பக்கத்தில் இன்னொரு தேர்வர், எதிரே கேள்வி கேட்கும் ஒருவர், சற்றுத் தள்ளி எதுவும் பேசாமல் மதிப்பெண் குறிக்கும் இன்னொருவர். அந்த அறையில் யாருடைய உதடு லேசாக அசைந்தாலும் பிள்ளைகள் பார்த்துவிடுகிறார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. தேர்வு நடத்தும் நிறுவனங்களிடம் உங்கள் குரலுக்கு மதிப்பு இருக்கிறது, எங்களுக்கு அது இல்லை. எதில் பலவீனம் என்பதையாவது மாணவருக்குக் காட்டும்படி சொல்லுங்கள். நான்கு எண்களை நீங்கள் ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள், அவற்றை மறைத்து வைப்பதால் யாருக்கு என்ன லாபம்? குரல் பதிவை எந்தக் காரணத்துக்காகவும் நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள். பெயர் இல்லாவிட்டாலும் குரல் அவருடையது, கேட்டால் தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம் அந்தத் துணுக்குகள். அவற்றை நிறுத்தவேண்டாம், மனதாரச் சொல்கிறேன். எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத சரக்கு உங்களிடம்தான் இருக்கிறது. ஒவ்வொன்றோடும் அந்த மாணவர் எந்த மொழிக்காரர், என்ன சொல்ல நினைத்தார், அதை எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று மூன்று வரி சேர்த்து எழுதுங்கள். நாங்கள் அதை வகுப்பில் படித்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்யும் ஓர் ஆசிரியை