90 சதவீதம் என்று எழுதும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு வானிலைக் கணிப்பு பற்றி உங்கள் நாளிதழில் அண்மையில் வந்த செய்தியில், கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் மாடல் '90 சதவீதம் துல்லியமானது' என்று எழுதியிருந்தீர்கள். கல்லூரியில் பல ஆண்டுகள் புள்ளியியல் நடத்தியவள் நான். அந்த ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2023-ல் வெளியான அந்த ஆய்வில் 90 சதவீதம் என்ற எண் இருப்பது உண்மை. ஆனால் பத்து நாளில் ஒன்பது நாள் கணிப்பு பலிக்கும் என்பது அதன் பொருள் அல்ல. வெப்பம், ஈரப்பதம், காற்று போன்ற ஐந்து அளவுகளை வளிமண்டலத்தின் 13 உயரங்களில் பார்த்தார்கள். தரைமட்டத்தில் இன்னும் நான்கு. ஆக மொத்தம் 69. இவற்றை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை வீதம் பத்து நாள் வரை ஒப்பிட்டால் 1,380 ஒப்பீடுகள் வரும். அதில் 90 சதவீத ஒப்பீடுகளில் ஐரோப்பிய வானிலை மையத்தின் வழக்கமான முறைக் கணிப்பை இந்த மாடல் முந்தியது. முந்தியது என்றால் பிழை குறைவு, அவ்வளவுதான். எவ்வளவு குறைவு என்பதைக்கூட அந்த எண் சொல்லாது. எங்களுக்கு முக்கியமானது இன்னொன்று: அந்த 69 அளவுகளில் மழை இல்லவே இல்லை.

சாதனை பெரியதுதான், அதை நான் மறுக்கவில்லை. இயற்பியல் சமன்பாடுகளைத் தீர்க்காமல், 1979 முதல் 2017 வரையான பழைய தரவிலிருந்து மட்டுமே கற்றுக்கொண்டு, அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் சோதிக்கப்பட்ட மாடல் அது. படித்த வருடத்திலேயே தேர்வு வைக்காதது நேர்மையான முறை. ஆனால் 'துல்லியம் இத்தனை சதவீதம்' என்ற ஒற்றை எண் எப்படி ஏமாற்றும் என்பது 1884-லேயே தெரிந்துபோன விஷயம்.

அமெரிக்க ராணுவத்தின் வானிலைப் பிரிவில் இருந்த ஜான் ஃபின்லி, டொர்னாடோ என்ற கடும் சுழல்காற்று வருமா வராதா என்று அந்த ஆண்டு 2,803 கணிப்புகள் வெளியிட்டார். 96.6 சதவீதம் சரி என்றார். கணக்கைப் பிரித்துப் பாருங்கள். வரும் என்று அவர் சொன்னது 100 முறை, அதில் வந்தது 28 முறை, வராதது 72 முறை. வராது என்று சொல்லி வந்துவிட்டது 23 முறை. மிச்சம் 2,680 முறை வராது என்றார், வரவில்லை. அதே ஆண்டு கில்பர்ட் என்ற நிலவியலாளர் இந்த எண்களைக் கையில் எடுத்துக்கொண்டு கேள்வி எழுப்பினார். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு 'வராது' என்று எழுதியிருந்தாலே 98.2 சதவீதம் சரியாகியிருக்கும்! எதுவும் நடக்காத அந்த 2,680 முறையை ஒதுக்கிவிட்டு கில்பர்ட் கணக்கிட்டார்: 28, 72, 23 ஆகியவற்றைக் கூட்டினால் 123, அதில் 28 சரி. கிட்டத்தட்ட 23 சதவீதம். ஃபின்லி திறமையில்லாதவர் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்தக் காலத்தில் 51 டொர்னாடோக்களில் 28-ஐ முன்கூட்டிச் சொன்னது பெரிய காரியம். அளந்த கோல்தான் தவறு.

எங்கள் தூத்துக்குடியில் ஜூன், ஜூலையில் தினமும் 'மழை இல்லை' என்று எழுதிவைத்தால் யாருக்கும் நல்ல மார்க் கிடைக்கும். அப்படி ஒரு சோம்பேறிக் கணிப்பைவிட மாடல் எவ்வளவு மேல் என்பதைச் சொல்லாத சதவீதத்தை அச்சிடாமல் இருப்பதே நல்லது.

அடுத்தது சராசரிப் பிழை, அதாவது கணிப்பு உண்மையிலிருந்து சராசரியாக எவ்வளவு விலகியது என்ற கணக்கு. வளிமண்டலம் நேர்கோட்டுக் கணக்கில் அடங்காதது. 1961-ல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை அறிஞர் கணினியில் 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் முற்றிலும் வேறு வானிலை வந்து நின்றது. ஆகவே நல்ல மாடலும் மழையைச் சில மைல் தள்ளி வைத்துவிடும். இங்கேதான் சிக்கல். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. கணக்குக்காக, பக்கத்து ஊரில் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாடல் இரண்டையும் இடம் மாற்றிச் சொல்கிறது. இன்னொன்று இரண்டு ஊருக்கும் 20 செ.மீ. என்று மழுப்பிவிடுகிறது. பிழையை வர்க்கப்படுத்திக் கூட்டினால் முதல் மாடலுக்கு 14,450, இரண்டாவதற்கு 5,725. மழுப்பியதுதான் ஜெயிக்கிறது. ஆனால் மாவட்ட நிர்வாகம் படகுகளைத் தயார் செய்ய எது உதவியிருக்கும்? முதலாவதுதான். இந்த வர்க்கப் பிழையைக் குறைக்கும்படி பழக்கப்பட்ட மாடல்கள் நாட்கள் கூடக்கூட உச்சங்களைத் தேய்த்துவிடுகின்றன. புயலின் வலிமையைக் குறைத்துக் காட்டுவது அவற்றின் தெரிந்த குறை. பல சாத்தியங்களையும் சேர்த்துச் சொல்லும் ஜென்காஸ்ட் போன்ற மாடல்கள் 2024-ல் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் அளவுகோலிலும் குறை இருக்கிறது. இந்திய வானிலைத் துறையின் வரையறையில் 204.4 மில்லி மீட்டருக்கு மேல் எவ்வளவு பெய்தாலும் 'அதி கனமழை' ஒன்றுதான். 21 செ.மீ. பெய்தாலும் 95 செ.மீ. பெய்தாலும் கணிப்பு 'சரி' என்றே பதிவாகும். அந்த டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கித் தவித்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு அந்த 'சரி'யால் என்ன பயன்?

எங்கள் குடும்பத்துக்கு உப்பளம் உண்டு. மழை வரும் என்று சொல்லி வராவிட்டால், அம்பாரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிய ஆட்களின் கூலி போகும். வராது என்று சொல்லி வந்துவிட்டால் வாரி வைத்த உப்பே கரைந்து போகும். இரண்டும் ஒரே நஷ்டம் இல்லை. தாமிரபரணிக் கரையில் வாழை வைத்திருப்பவருக்குக் கணக்கு இன்னும் வேறு. பொய் எச்சரிக்கையையும் தவறவிட்ட மழையையும் ஒரே சதவீதத்துக்குள் அடைத்தால் எங்களில் யாராலும் முடிவெடுக்க முடியாது.

ஐரோப்பிய மையம் 2025 பிப்ரவரியில் தன் செயற்கை நுண்ணறிவு மாடலை அன்றாடக் கணிப்புக்கே கொண்டுவந்துவிட்டது. இனி இத்தகைய செய்திகள் அடிக்கடி வரும். அப்போதெல்லாம் உங்கள் நிருபர்கள் மூன்று கேள்வி கேட்கட்டும்: எதோடு ஒப்பிட்டீர்கள், எத்தனை நாள் முன்கூட்டி, பெருமழை நாட்களில் மட்டும் கணக்கு என்ன?

அப்புறம் ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஜனவரியில், மாவட்டவாரியாக ஒரு சிறு அட்டவணை போடுங்கள். எச்சரித்து வந்தது, எச்சரித்து வராதது, எச்சரிக்காமல் வந்தது என்று மூன்று பத்தி போதும். தினசரி எச்சரிக்கைகளை நீங்கள்தான் அச்சிடுகிறீர்கள், பெய்த அளவையும் நீங்களே போடுகிறீர்கள். தூத்துக்குடி மாவட்டத்துக்கான அட்டவணையைத் தொகுத்துத் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியை,
தூத்துக்குடி