பிள்ளையை மட்டும் கூப்பிடாதீர்கள்: டர்பன் கிறிஸ்துமஸ் உலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் வளர்ப்புப் பிள்ளைகளுக்காக ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் உலா நடத்தும் சபை மூப்பர்களுக்கும், தமிழ்ச் சங்கத்தாருக்கும், கோயில் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறேன். மற்ற நாட்களில் வீடு, சமையல், முட்டிவலி. நான்கு வருஷமாக ஒரு பையனை வளர்க்கிறேன். குழந்தைகள் நீதிமன்றத்தின் ஆணைத்தாளில் நான் அவனுக்கு ஃபாஸ்டர் பேரன்ட், அதாவது தத்தெடுத்தவள் இல்லை, நீதிமன்றம் ஒப்படைத்த பிள்ளையை வளர்ப்பவள். அவன் வாயில் ஆயா. இந்த ஊரில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். இந்தியாவிலிருந்து வருகிற சிலர் அதைக் கேட்டு, வீட்டு வேலைக்கு இருக்கிறவள் போல என்று என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அது தனிக் கதை.

சில குறைகளைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்காக நீங்கள் செய்வதை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நவம்பர் மாத வெயிலில் கடை கடையாக ஏறிப் பணம் சேர்த்து, பேருந்து பிடித்து, நூறு பிள்ளைகளுக்குப் பரிசு கட்டுவது லேசான வேலையா? அரசு தரும் ஃபாஸ்டர் உதவித்தொகை 2025 ஏப்ரலில் மாதம் 1,250 ராண்ட் ஆனது. டிசம்பர் தொடக்கத்தில் வரும், அடுத்தது ஜனவரியில்தான். அதில் பள்ளிச் சீருடைக்கு எடுத்து வைத்த பிறகு, உஷாகா மரைன் வேர்ல்டு என்கிற கடல்வாழ் உயிரினப் பூங்காவுக்கு டிக்கெட் எடுக்க எங்களால் ஆகாது. நீங்கள் கூட்டிப்போனதால்தான் எங்கள் பையன் சுறாமீனைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். இரண்டு வாரம் அதே பேச்சு.

சரி, குறைக்கு வருகிறேன்.

போன டிசம்பரில் ஒரு குழு கடற்கரைக்குக் கூட்டிப்போனது. எந்தக் குழு என்று சொல்லப்போவதில்லை, நல்ல மனசுக்காரர்கள். என் பேத்திக்கும் பையனுக்கும் ஆறு மாதம்தான் வித்தியாசம். மாம்பழம் நறுக்கினால் கொட்டை யாருக்கு என்று தினமும் சண்டை. அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே போனால், பட்டியலில் பையன் பெயர் மட்டும். "ஃபாஸ்டர் பிள்ளைகள் இந்தப் பக்கம் வாங்க" என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அவன் அந்தப் பக்கம் போனான், அவள் என்னோடு இந்தப் பக்கம் சிமெண்ட் படியில் உட்கார்ந்தாள். மூன்று மணி நேரம். அவர்களுக்கு ஐஸ்கிரீம் வந்ததும் நான் கடைக்குப் போய் இவளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பாதியிலேயே வேண்டாம் என்றுவிட்டாள்.

திரும்பி வந்தவன் கையில் பரிசுப் பெட்டி. பிரிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அதை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. மூன்று நாள் அந்தப் பெட்டி சாப்பாட்டு மேசைக்கு அடியில் கிடந்தது. நான்காம் நாள் நான்தான் பிரித்தேன். ரிமோட் கார். நல்ல விலை இருக்கும்.

நான்கு வருஷமாக "நீயும் இந்த வீட்டுப் பிள்ளைதான்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்துக் கொண்டு வந்தேன். ஒரே ஒரு ஒலிபெருக்கி அதைப் பிரித்துவிட்டது. அதனால் கேட்கிறேன்: பிள்ளையை அழைக்காதீர்கள், வீட்டை அழையுங்கள். பெற்ற பிள்ளை, பேரப்பிள்ளை, வீட்டுப் பெரியவர் எல்லாரும் வரட்டும். செலவு கூடும் என்பீர்கள். பரிசைச் சிறிதாக்குங்கள். ரிமோட் கார் வேண்டாம், ஒரு பந்து போதும். டிக்கெட் இல்லாத இடத்துக்குப் போவோம். கடற்கரையோரத்தில் சின்னப் பிள்ளைகள் கால் நனைக்கிற குளங்கள் இருக்கின்றன, காசு கிடையாது. 1849-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவும் அப்படித்தான், உள்ளே போக யாரும் காசு கேட்பதில்லை. அங்கே உள்ள மரங்களின் நிழலில் நாற்பது குடும்பம் தாராளமாகப் பாய் விரிக்கலாம்.

புகைப்படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அன்று மாலையே படங்கள் ஃபேஸ்புக்கில் ஏறிவிட்டன. "வளர்ப்புப் பிள்ளைகளின் முகத்தில் புன்னகை" என்று தலைப்பு, நடுவில் எங்கள் பையன் பளிச்சென்று. அவனோடு படிக்கிற ஒருவனின் அம்மா அதற்கு ஹார்ட் போட்டிருந்தார். அதுவரை பள்ளியில் பிள்ளைகள் எல்லாரும் அவனை என் சொந்தப் பேரன் என்றே நினைத்திருந்தார்கள். ஜனவரியில் பள்ளி திறந்த முதல் நாளே ஒருவன் கேட்டுவிட்டான், "உங்க அம்மா எங்கே?" என்று. 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 74-ஆம் பிரிவை உங்களில் யாராவது வக்கீல் இருந்தால் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைகள் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கைப் பற்றி, பிள்ளை இன்னார் என்று தெரியும்படி எதையும் நீதிமன்ற அனுமதியில்லாமல் வெளியிடக் கூடாது என்கிறது அது. வளர்ப்புப் பிள்ளை என்று எழுதி முகத்தையும் போட்டால் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறோம்? பணம் கொடுத்தவர்களுக்குப் படம் காட்ட வேண்டும், புரிகிறது. பிரியாணி டேக்சாவைப் படமெடுங்கள். மணலில் கிடக்கிற நூறு ஜோடி செருப்பை எடுங்கள். அதைப் பார்த்தும் பணம் கொடுப்பார்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

பண்டிகைக் காலத்தில் கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்துபோகாமல் இருக்க, கடற்கரையில் அவர்கள் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிள்ளையின் பெயர், கூட வந்தவரின் போன் நம்பர். அன்றைக்கு ஒரு சின்னப்பெண் பேனாவோடு குனிந்து எங்கள் பையனிடம் பெயர் கேட்டாள். சொன்னான். குடும்பப் பெயரும் கேட்டாள். என் முகத்தைப் பார்த்தான். என்னுடையது வேறு, அவனுடையது வேறு. "உன்னோடதையே சொல்லுடா" என்றேன். அவள் எழுதி முடித்ததும் பட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஆயா, இதே பேர்தான் தங்கச்சிக்கும்."

அவன் தங்கை டர்பனிலேயே பீனிக்ஸ் பகுதியில் இன்னொரு வீட்டில் வளர்கிறாள். இருவரையும் ஒரே வீட்டில் வைக்க அப்போது இடம் அமையவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது, என் வீட்டில் இருப்பதே இரண்டு அறை. சாட்ஸ்வொர்த்திலிருந்து பீனிக்ஸுக்கு டவுனில் இறங்கி இரண்டு டாக்சி மாற வேண்டும். மழை வந்தால், என் முட்டி மக்கர் செய்தால், அந்த மாதம் பார்க்க முடியாது. போனில் பேசுவார்கள். அவளுக்கு ஆறு வயது, போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவாள்.

அன்று இரவு அந்த வீட்டு அம்மா போன் செய்தார். அவளையும் அதே நாள், பீனிக்ஸ் பக்கத்துக் குழுவொன்று உலா கூட்டிப்போயிருக்கிறது. எங்கே? தாவரவியல் பூங்காவுக்கு. கடற்கரையிலிருந்து காரில் பத்து, பதினைந்து நிமிஷம். அண்ணன் மணலில், தங்கை மரத்தடியில், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சிவப்புத் தொப்பி. ஒருவருக்கொருவர் தெரியாமலே ஒரு நாள் கழிந்துவிட்டது. இதைப் பையனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இரண்டு குழுவும் ஒரு போன் பேசியிருந்தால் போதும். உங்கள் படிவத்தில் வயசு, சட்டை அளவு, அலர்ஜி எல்லாம் கேட்கிறீர்கள். ஒரே ஒரு வரி கூட்டுங்கள்: கூடப்பிறந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? அந்த வரியை சோஷியல் வொர்க்கர் நிரப்பட்டும், நீங்களாகத் தேட வேண்டாம். சில பிள்ளைகள் சிலரைச் சந்திக்கக் கூடாது என்று நீதிமன்றமே சொல்லியிருக்கும், அது அவர்களுக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு, சாட்ஸ்வொர்த் உலா, பீனிக்ஸ் உலா என்று தனித்தனியாக எதற்கு? ஒரே நாள், ஒரே இடம், இரண்டு பேருந்து.

எந்த நாள் என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. எல்லாரும் டிசம்பர் 16 நல்லிணக்க நாளுக்குள் முடித்துவிடுகிறீர்கள். ஒரே வாரத்தில் மூன்று விருந்து, அப்புறம் ஜனவரியில் பள்ளி திறக்கும் வரை ஒன்றுமில்லை. அலுவலகங்களில் பாதிப்பேர் லீவு. எங்களுக்கு உதவி வேண்டியது அந்த நாட்களில்தான். 25-ஆம் தேதி காலையில் நான் அவனைச் சபைக்குக் கூட்டிப்போகிறேன். எங்கள் வீட்டில் முருகன் படம்தான், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற குடும்பம். ஆனால் அவன் அம்மா கிறிஸ்தவர், அவன் சின்ன வயசுக் கிறிஸ்துமஸ் எல்லாம் சபையில்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நானும் பாட்டு கேட்பேன், போன வருஷம் இரண்டு பாட்டு வாயில் ஏறிவிட்டது. மத்தியானம் பிரியாணி, லிச்சிப்பழம். அதுவரை நன்றாகத்தான் இருப்பான். சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்துவிடுவான். அம்மா போன் செய்வார் என்று எதிர்பார்ப்பு. சில வருஷம் வரும். மறுநாள் முழுக்க வாயே திறக்க மாட்டான்.

அந்த மறுநாள் 26. நாட்டுக்கே விடுமுறை, நல்லெண்ண நாள் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அன்று உலா வையுங்கள். கடற்கரை வேண்டாம், அன்று அங்கே கால் வைக்க இடமிருக்காது. பூங்காவே சரி. இல்லையென்றால் இங்கேயே சில்வர்க்ளென் காட்டுப் பக்கம் போகலாம்.

இன்னும் இரண்டு சில்லறை விஷயம். சான்டா வேஷக்காரர் மடியில் எந்தப் பிள்ளையையும் பிடித்து உட்கார வைக்காதீர்கள். தெரியாத ஆள் தூக்கினால் உறைந்துபோகிற பிள்ளைகள் இதில் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. தானாகப் போனால் போகட்டும். (அந்தப் புழுக்கத்தில் பஞ்சுத்தாடி ஒட்டிக்கொண்டு நிற்கிறவரைப் பார்த்தாலும் எனக்குப் பாவமாகத்தான் இருக்கும்.) இரவில் விளக்கு அலங்காரம் பார்க்கப் போவதென்றால் முன்னாடியே சொல்லுங்கள். சில பிள்ளைகளுக்கு இருட்டு ஆகாது, கையைப் பிடித்துக்கொண்டு நாங்களும் கூட நடக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு பர்கர் பொட்டலம் வேண்டாம். கோயில்காரர்களே, விசேஷ நாளில் ஆயிரம் பேருக்குச் சமைக்கிற கை உங்களுடையது. சபைக்காரர்கள் பரிமாறட்டும். எங்கள் தெருவில் இருபது கிலோ அரிசி வேகிற டேக்சா ஒன்று இருக்கிறது, என் மாமியார் காலத்தது. ஈயம் பூசித் தயாராக வைத்திருக்கிறேன். பருப்பும் தயிர்ப்பச்சடியும் என் பொறுப்பு, வெங்காயம் உரிக்கப் பக்கத்து வீட்டு அக்காக்கள் நாலு பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். பேருந்து மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒன்று, பீனிக்ஸிலிருந்து ஒன்று.

இப்படிக்கு,
ஒரு வளர்ப்பு ஆயா
சாட்ஸ்வொர்த், டர்பன்