ரேகை வைத்தவர்களின் பக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குற்றப் படங்களில் பல்வேறு சமூகத்தினர் எவ்வாறு இடம்பெறுகிறார்கள் என்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எச். வினோத் இயக்கி 2017-இல் வெளிவந்த ‘தீரன் அதிகாரம் ஒன்று’ படத்தில் வடநாட்டு மக்களும் மொழியும் நிலமும் வருவதைக் கட்டுரையாளர் பாராட்டியிருக்கிறார். வருகிறார்கள் என்பது உண்மைதான். எந்த இடத்தில் நிறுத்தப்படுகிறார்கள் என்பதையும் அவர் பார்த்திருக்க வேண்டும்.

படத்தின் தரத்தில் நான் குறை காணவில்லை. கொள்ளையர் கையில் எளிய மக்கள் செத்தபோது அசையாத அரசு இயந்திரம், ஒரு சட்டமன்ற உறுப்பினர் கொல்லப்பட்ட பிறகே விழித்தது என்பதை அது மறைக்காமல் சொன்னது. ஆனால், கொள்ளையரைத் தேடிப் போகும் போலீசாரை ஊரே திரண்டு துரத்தும் காட்சியில், அந்தக் கூட்டத்தில் ஒருவரையும் நாம் மனிதராக அறிவதில்லை. கொள்ளைக் கூட்டம் என்பது அந்த இடத்தில் ஒரு சாதியாகிவிடுகிறது.

படத்தில் துப்புத் துலங்குவது கைரேகையால். எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்தில் கைரேகைக்கு வேறொரு நினைவு உண்டு. வடநாட்டில் 1871-இல் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, எங்கள் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். ஒருவர் குற்றம் செய்தவரா இல்லையா என்று பாராமல், பிறந்த சாதிக்காகவே ரேகை எடுத்தார்கள். வெளியூர் போக ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு கேட்டார்கள். ஆண்கள் இரவில் வீட்டில் படுக்க முடியாமல் காவலர் கண்ணெதிரே படுத்துக் கிடந்தார்கள். ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று எங்கள் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் மாயக்காள் என்ற பெண் உள்ளிட்ட 15-க்கும் மேற்பட்டோர் போலீசாரால் கொல்லப்பட்டார்கள். படத்தின் கொள்ளையருக்கு மூலமான வடநாட்டுப் பவாரியா சமூகத்தினரும் இதே சட்டத்தின்கீழ் இருந்தவர்கள்தாம். ஆகவே, அவர்களைப் பிறவிக் கொடியவர்களாகத் திரையில் கண்டபோது எனக்கு அது அடுத்த வீட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை.

தொலைக்காட்சியில் அந்தப் படம் ஓடிய வாரத்தில், வழக்கமாக எங்கள் தெருவுக்குப் போர்வை விற்க வரும் ராஜஸ்தான்காரர் வந்தார். மூன்று வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். தோள்மூட்டையை இறக்காமலேயே அவர் தெருவைக் கடந்து போனதை நான் பார்த்தேன்.

இதற்கு மறுபக்கமாக, 2021-இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்தின் முதற்காட்சியைச் சொல்லலாம். சிறையிலிருந்து வெளிவருகிறவர்களிடம் சாதியைக் கேட்டு, சிலரை வீட்டுக்கு அனுப்பி, பழங்குடியினரை மட்டும் ஓரமாக நிறுத்தி, முடியாத வழக்குகளுக்காகப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். ரேகைச் சட்டம் 1952-க்குள் நாடெங்கும் நீங்கிய பிறகும் காவல் நிலையத்தில் அது எப்படி உயிரோடிருக்கிறது என்பதை அந்தச் சில நிமிடங்கள் காட்டிவிடுகின்றன. அந்தப் படத்திலும், இருளர் என்ற பழங்குடிப் பெண்ணாக நடித்தவருக்கு முகத்தைக் கறுப்பாக்கி ஒப்பனை செய்தது எனக்கு வருத்தமே.

எத்தனை இனத்தார் திரையில் வந்தார்கள் என்று எண்ணுவதோடு தங்கள் விமர்சகர்கள் நின்றுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை இப்படியொரு படம் வந்தால், ரேகைச் சட்டத்திலிருந்து விடுபட்ட சாதியினரான சீர்மரபினர் ஒருவரையும் இருளர் ஒருவரையும் அதைப் பார்க்கச் செய்து, அவர்கள் எழுதுவதைத் தங்கள் இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உசிலம்பட்டி.