எந்த ஓ.எஸ். பாதுகாப்பானது என்று சண்டை போடும் பெங்களூர்த் தமிழ்த் தம்பிகளுக்கு

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனால் போதும், கம்ப்யூட்டரை ஓட்டும் அடிப்படை மென்பொருளான ஓ.எஸ்.களில் எது பாதுகாப்பானது என்று நம் குரூப்பில் ஆரம்பித்துவிடுகிறீர்கள். எலக்ட்ரானிக் சிட்டியில் இருந்து ஒருவர் விண்டோஸை ஓட்டைச் சட்டி என்பார். ஒயிட்ஃபீல்டில் இருந்து இன்னொருவர் லினக்ஸில் வைரஸே வராது என்பார். மேக் வைத்திருப்பவர் ஒரு ஸ்மைலி போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார். விடிவதற்குள் பேச்சு யார் எந்தக் காலேஜில் படித்தார் என்பதில் வந்து நிற்கும். நான் எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவன். எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆளாளுக்கு ஆதாரம் காட்டுகிறீர்கள், ஆனால் தனக்கு வேண்டிய பாதியை மட்டும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை என்ற ரான்சம்வேரையே எடுங்கள். 2017 மே மாதம் அது பரவியபோது லினக்ஸ்காரர்களுக்குத் தீபாவளிதான். ஆனால் அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை அதைப் போடாத விண்டோஸ் 7 மெஷின்கள். சரி, லினக்ஸ் மாதிரி எல்லாரும் பார்க்கும்படி திறந்து கிடக்கும் கோடில் ஓட்டை தங்காது என்கிறீர்களே, 2014-இல் வெளிவந்த ஷெல்ஷாக் ஓட்டை 1989-இல் இருந்து, லினக்ஸில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் மென்பொருளுக்குள் கிடந்தது. 2024 மார்ச்சில், லினக்ஸில் ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் யாரோ திட்டம் போட்டு வைத்த பின்கதவைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். தூரத்தில் இருந்து மெஷினுக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று நோண்டியிருக்கிறார். லினக்ஸைக் காப்பாற்றிய அந்த மனிதர் அப்போது வேலை பார்த்தது விண்டோஸ் தயாரிக்கும் மைக்ரோசாஃப்டில்! இதை எந்தக் கட்சி கணக்கில் எழுதுவீர்கள்? மேக்காரர்களும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். 2017 நவம்பரில், மேக்கின் ஓ.எஸ். ஆன ஹை சியராவில் பெயர் இருக்கும் இடத்தில் முழு அதிகாரமுள்ள கணக்கின் பெயரான ரூட் என்று அடித்து, பாஸ்வேர்டைக் காலியாக விட்டு, சில தடவை தட்டினால் மெஷின் உள்ளே விட்டது. மறுநாளே சரிசெய்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி என் மேஜைக்கு வருவதைச் சொல்கிறேன். அல்சூரில் நம்மவர் ஒருவரின் பெயின்ட் கடை. பில்லிங் மெஷினில் திருட்டு விண்டோஸ் 10. திருட்டுக் காப்பியை அசல் போல ஆக்கும் ஆக்டிவேட்டர் ஓடுவதற்காக, விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை யாரோ அணைத்து, போதாததற்கு சி டிரைவ் முழுவதையும் அது சோதிக்காத எக்ஸ்க்ளூஷன் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்டேட் சர்வீஸ் டிஸேபிள். கேட்டால், "அப்டேட் போட்டா ஸ்லோ ஆயிடுதுண்ணா." கடைக்கணக்கு மென்பொருளான டாலிக்கு பேக்கப் இருக்கிறதா என்றேன். இருக்கிறதாம், அதே ஹார்ட் டிஸ்கில், டி டிரைவில். ரான்சம்வேர் வந்தால் சி, டி என்று பார்த்தா பூட்டும்? அந்தக் கடைச் சுவரில் இருக்கும் கேமராப் பெட்டிக்குள் ஓடுவது உங்கள் லினக்ஸ்தான். அதன் பாஸ்வேர்டு, கம்பெனியில் இருந்து வந்தபோது இருந்த அதேதான். இந்த மாதிரிப் பெட்டிகளைச் சேர்த்துத்தான் 2016-இல் மிராய் என்ற நாசகார மென்பொருள் பெரிய பெரிய தளங்களையே முடக்கியது.

நான் பார்த்தவரை, நம் ஊர்க்காரர்கள் பணம் இழப்பது பெரும்பாலும் இதிலெல்லாம் கூட இல்லை. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று, ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை ஏற்றும் ஏபிகே ஃபைல் வருகிறது, பெரியவர்கள் தட்டிவிடுகிறார்கள். அப்புறம் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போட ஓடுகிறார்கள்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் தருவதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திக் கைகழுவிவிட்டது. இங்கே பழைய மெஷின்கள் பலவற்றில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கிடையாது, பிராசசரும் பழசு, முறைப்படி விண்டோஸ் 11 ஏறாது. உடனே "லினக்ஸ் போடு" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். டாலி அதில் நேராக ஓடாது. பில் பிரிண்டருக்கு டிரைவர் தேடி அலைய வேண்டும். அந்தக் கடைக்காரருக்கு மார்ச் மாதக் கணக்கு முடிய வேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை. அதே சமயம், பேப்பர் படிக்கவும் யூடியூப் பார்க்கவும் மட்டும் வைத்திருக்கும் வீட்டு மெஷினுக்கு லினக்ஸ் மின்ட் அருமையாகப் பொருந்தும். நானே நிறையப் பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். ராத்திரி முழுக்க டைப் அடிக்கும் தெம்பு இருக்கிறவர்கள் ஒரு சனிக்கிழமை மதியம் என்னோடு வாருங்கள். லினக்ஸ்காரர்கள் வீட்டு மெஷின்களைப் பாருங்கள், கேமராப் பெட்டிகளின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். விண்டோஸ்காரர்கள் கடைகளில் உட்கார்ந்து, திருட்டு விண்டோஸை எடுத்துவிட்டு லைசென்ஸ் உள்ளதைப் போட்டு, தினசரி வேலைக்கு அட்மின் அல்லாத ஒரு கணக்கை உண்டாக்கிக் கொடுங்கள். மேக்காரர்கள் பெரியவர்களின் போனை வாங்கி, தெரியாத ஆப்களுக்குக் கொடுத்திருக்கும் அனுமதியை எல்லாம் எடுத்துவிடுங்கள். அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கவும் வேண்டும், அதுதான் கஷ்டம்.

வரும்போது ஆளுக்கொரு காலி எக்ஸ்டர்னல் டிஸ்க் கொண்டு வாருங்கள். முதலில் டாலி டேட்டாவை வெளியே எடுத்துவிட்டுத்தான் எதிலும் கை வைக்கப் போகிறோம். ஞாயிறு கடை லீவு.

இப்படிக்கு,
எஸ்.பி. ரோடு ரிப்பேர்காரன்