கம்பளத்தில் அமர்ந்த சுல்தான்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த விழாவுக்கு வர முடியாமல் போனதில் எங்கள் இருவருக்கும் வருத்தம்தான். மனைவிக்கு மூட்டுவலி இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறாள். தை மாதம் கட்டாயம் வருகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுல்தான் இப்ராஹிம் லோடியின் கீழ் பஞ்சாபை ஆண்டுகொண்டே, அவருக்கு எதிராகப் பாபரை வரவழைத்த ஆப்கானியப் பிரபு தௌலத் கான் லோடியை 'துரோகி' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. லாகூரில் இருந்த அந்த மனிதரின் கோபம் புரிய வேண்டுமானால், ஆப்கானியர்கள் அரசன் என்று யாரை நினைத்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

லோடி, லோஹானி, சர்வானி என்று குலம் குலமாக ரோஹ் மலைநாட்டில் வாழ்ந்தவர்கள் அவர்கள். அங்கே தலைவன் என்றால் சகோதரர்களில் ஒருவன்; மற்றவர்கள் ஒப்புக்கொள்ளும் வரைதான் தலைவன். பஹ்லுல் லோடி மேலே வந்ததே அப்படித்தான். சிர்ஹிந்தை ஆண்ட அவர் பெரியப்பா இஸ்லாம் கான், சொந்த மகன் குதுப் கான் இருக்கும்போதே, திறமையானவன் என்று தம்பி மகனைத் தன் வாரிசாக்கினார். 1451இல் பஹ்லுல் டெல்லி சுல்தான் ஆனார். ஆனாலும் பிரபுக்கள் முன்னிலையில் சிம்மாசனம் ஏறமாட்டார். அவர்களோடு கம்பளத்தில் சமமாக உட்காருவார். தன் உத்தரவுகளில்கூட அவர்களை 'மஸ்னத்-இ-ஆலி' என்று மரியாதையாக விளிப்பார். யாராவது மனத்தாங்கலாக இருந்தால் சுல்தானே அவர் வீட்டுக்குப் போவார். இடுப்பு வாளை அவிழ்த்து முன்னால் வைத்துவிட்டு, 'நான் தகுதியில்லாதவன் என்றால் வேறு ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், எனக்கு வேறு வேலை கொடுங்கள்' என்பாராம். இதைப் பலவீனம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஜௌன்பூரின் ஷர்கி சுல்தான்களை வருஷக்கணக்கில் எதிர்த்து நின்று கடைசியில் வென்றது இந்தக் கூட்டத்தை வைத்துத்தான். சம்பளத்துக்கு வந்த படை அவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்காது.

இந்தச் சமத்துவம் எல்லோருக்குமானது இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1489இல் பஹ்லுல் இறந்ததும் அடுத்த சுல்தானாக அவர் மகன் நிஜாம் கான் பெயர் வந்தது. அவருடைய தாய் ஒரு பொற்கொல்லரின் மகள். திரைக்குப் பின்னாலிருந்து மகனுக்காக அந்த அம்மா பேச, 'பொற்கொல்லர் மகளின் பிள்ளை அரசனாகத் தகுதியில்லை' என்று ஈசா கான் லோடி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கணவனை இழந்து நிற்கும் பெண்ணிடமா இப்படிப் பேசுவது என்று இன்னொரு பிரபு, கான்-இ-கானான் ஃபர்முலி, அவரை அதட்டினார். நிஜாம் கான்தான் சிக்கந்தர் லோடியாக அரியணை ஏறினார். ஏறினார் என்றே சொல்ல வேண்டும், கம்பளம் அதோடு போயிற்று. சுல்தானின் உத்தரவு வந்தால் பிரபு பல மைல் முன்னே போய் எதிர்கொண்டு, இரு கைகளாலும் வாங்கித் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் சிக்கந்தர் ஆளைப் பார்த்து நடந்துகொள்ளத் தெரிந்தவர்.

மகன் இப்ராஹிமுக்கு அது வரவில்லை. அரசனுக்கு உறவினன் கிடையாது என்று அறிவித்து, அப்பாவோடு போர்க்களம் கண்ட முதியவர்களையும் கைகட்டி நிற்க வைத்தார். மூத்த பிரபு ஆஸம் ஹுமாயூன் சர்வானியைச் சிறையில் போட்டார். அவர் அங்கேயே இறந்தார். தௌலத் கான் போன்றவர்கள் பார்வையில் உடன்பாட்டை முதலில் முறித்தது சுல்தான். 1526இல் பானிபட்டில் பாபரோடு மோதி இப்ராஹிம் விழுந்தபோது பிரபுக்கள் பலரும் மனத்தளவில் முன்பே விலகியிருந்தார்கள்.

அந்தப் பிரபுக்கள் மேலும் குறை உண்டு. ஜௌன்பூரை இப்ராஹிமின் தம்பி ஜலால் கானுக்குப் பிரித்துக் கொடுக்கும்படி ஏற்பாடு செய்தவர்கள் அவர்கள்தான். ராஜ்யத்தைக் குடும்பச் சொத்துபோலப் பங்கு போடும் பழக்கம் அது. ஒரே மகுடத்தை எதிர்பார்த்த டெல்லிக்கு அது ஒத்துவரவில்லை.

அப்புறம், பாபரின் மகன் ஹுமாயூனிடமிருந்து டெல்லியைப் பிடித்த சூர் வம்சம்; அவர்களும் ஆப்கானியர்கள்தான். ஷெர் ஷாவின் மகன் இஸ்லாம் ஷா காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடாரம் அடித்து, நாற்காலியில் சுல்தானின் செருப்பையும் அம்பறாத்தூணியையும் வைத்து, பிரபுக்கள் வரிசையாக வணங்கினார்கள். சிறுவனாக இருந்தபோது அதை நேரில் பார்த்ததாக வரலாற்றாசிரியர் பதாயூனி எழுதியிருக்கிறார். பஹ்லுல் வாளை அவிழ்த்து வைத்து நூறு வருஷம்கூட ஆகவில்லை. 1554இல் இஸ்லாம் ஷா இறந்த சில நாட்களில், பன்னிரண்டு வயது மகனைத் தாய்மாமனே கொன்றான். பிறகு நாலாபக்கமும் சூர்கள் ஆளுக்கொரு சுல்தான்.

இவ்வளவையும் படித்த பிறகும் தௌலத் கானைத் துரோகி என்றுதான் சொல்வாயா? பதில் எழுது. பேத்தியின் படம் ஒன்றையும் அனுப்பு, இங்கே மனைவி தினமும் கேட்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்